சுவரில் இருந்த முகம்

தம்பி செத்து ஏழு மாதம்கூட ஆகவில்லை, வீட்டின் வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிட்டேன். ஆசைப்பட்டா செய்தேன்? சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடந்தாக வேண்டும் என்று சொந்தக்காரர்கள் பிடித்த பிடியில் தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நிச்சயம் பண்ண வருகிறார்கள்.

பெயின்டர் அண்ணாச்சி பட்டித் தகடும் கம்பி பிரஷுமாக வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். கரிசல் மண்ணில் நிற்கிற வீட்டில் விரிசலுக்கா பஞ்சம்? ஒவ்வொன்றையும் கீறிவிட்டுப் பட்டி வைத்து அடைத்தார். ஊதிப்போன பூச்சைக் கொத்தி எடுத்தார். மூன்றாம் நாள் வாசலுக்கு இடப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். அங்கேதான் தம்பியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் இருந்தது.

பைக்கில் கயத்தாறு போனவன் லாரியில் அடிபட்ட மறுநாளே அவன் கூட்டாளிகள் அதை ஊரெல்லாம் ஒட்டினார்கள். மற்ற சுவர்களில் சினிமா போஸ்டர் மேலே ஏறிவிட்டது. எங்கள் சுவரில் இருந்தது மட்டும்தான் மிச்சம். காலையில் வாசல் தெளித்ததும் முந்தானையால் அவன் முகத்துத் தூசியைத் துடைத்துவிட்டுத்தான் அம்மா உள்ளே போவாள்.

“இதச் சுரண்டாம பிரைமர் அடிச்சா பெயின்ட் உரிஞ்சி வந்துரும்” என்றார் அண்ணாச்சி.

“யாரும் தொடாதீங்க. நாளைக்கி தண்ணியில நனைச்சி, கிழியாம நானே எடுத்துக்கிடுதேன்” என்றாள் அம்மா.

நாளைக்கு எடுத்தால் பிரைமர் காய்வது எப்போது, ரெண்டு கோட் அடிப்பது எப்போது? எனக்கு எரிச்சல். மைதாப் பசையில் ஒட்டி, இத்தனை வெயிலில் வெந்த காகிதம் முழுசாக வருமா என்ன? அம்மா ரேஷன் கடைக்குப் போன நேரம் பார்த்துச் சுரண்டச் சொன்னேன். மனசில்லாமல்தான் ஆரம்பித்தார். எழுத்தைச் சுரண்டினார். ஓரத்துப் பூவைச் சுரண்டினார். முகத்தைச் சுற்றி வந்ததும் தகட்டைக் கீழே வைத்துவிட்டார்.

“முகத்துல எனக்குக் கை போக மாட்டேங்கு. அம்மாவே வந்து எடுக்கட்டும்.”

நான் கம்பி பிரஷை எடுத்தேன். நெற்றி முதலில் போனது. சிரித்த வாய் மட்டும் பசையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அழுத்தித் தேய்த்தேன். என்னை எனக்கே பிடிக்கவில்லை, ஆனாலும் கை நிற்கவில்லை.

அம்மா வந்தாள். அரிசிப் பையை இறக்காமலே சுவரைப் பார்த்தாள், கீழே கிடந்த தூளைப் பார்த்தாள்.

“முகத்த யாரு சுரண்டுனது?”

“அண்ணாச்சிதான்” என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுத்துப் பேசிவிடுவார் என்று பயந்தேன்.

“தெரியாமப் பண்ணிட்டேம்மா” என்றார்.

வேலை நடந்த நாளெல்லாம் அவருக்கு மத்தியானச் சோறு எங்கள் வீட்டில்தான். அன்று அம்மா அவரைக் கூப்பிடவில்லை. வெளியே அவர் வெறும் வயிற்றோடு பிரைமர் அடித்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே உட்கார்ந்து, அம்மா போட்டதைச் சாப்பிட்டேன்.