பாதி ஆயிலும் ஒரு பொய்யும்

எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் ஒரு மிளகுக் குடோனில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய வண்டி. ஆயில் கூடினால் புகை கக்கும். நான் சொந்த மூளையைப் பயன்படுத்தி ஆயிலைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். புகை அடங்கியது. வண்டி நன்றாக இழுப்பதுபோலவும் இருந்தது. ஆயிலைக் குறைத்ததை மட்டும் சொல்லாமல், வண்டியை நானே சரிசெய்துவிட்டதாக வீட்டிலும் குடோனிலும் பீற்றிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

அன்று பஸ் ஸ்டிரைக். என் மனைவிக்குத் தேவராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ. மூன்று வருடம் காத்திருந்து வந்த அழைப்பு. அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகையில், தோப்பும்படி பாலத்துக்குச் சற்று முன்னால் வண்டி கிறீச்சென்று கத்திவிட்டு நின்றது. மணி ஒன்பதேகால். போன ஆட்டோ எல்லாம் நிரம்பி வழிந்தது. ஏறி நின்று கிக்கரை மிதித்தேன். அது இறங்கவே இல்லை.

"சவிட்டாதீங்க, மிதிச்சா உடைஞ்சிடும்," என்று குரல் கேட்டது. போட் எஞ்சின் ரிப்பேர் பார்க்கும் ஒரு சேட்டன், பக்கத்துப் பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்தார்.

"ஆயில் எத்ர ஒழிச்சு?"

"சரியான அளவுதான் ஊத்தினேன் சேட்டா."

"அப்போ உள்ளே ரிங் ஒடிஞ்சிருக்கும். எஞ்சின் பிரிக்கணும். இன்னைக்கு நடக்காது."

மனைவி சர்டிபிகேட் பையை அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் முன்னால் எப்படிச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. மணி ஒன்பதரை ஆகப்போகிறது.

"இல்ல சேட்டா, பாதிதான் ஊத்தினேன்," என்றேன்.

அவர் திட்டவில்லை. "இது ஆத்யமே சொல்லக் கூடாதா? ஆயில் போதாம சூட்டுல பிஸ்டன் இறுகிப் பிடிச்சிருக்கு. ஆறட்டும்," என்று பிளக்கைக் கழற்றி, துளையில் கொஞ்சம் ஆயில் விட்டார். அந்தப் பதினைந்து நிமிடமும் வாட்சையும் எஞ்சினையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றேன். பிறகு கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். நாலாவது தடவை சக்கரம் நகர்ந்தது. பட்டறை ஆயிலையே டாங்கில் ஊற்றிக் குலுக்கி, "பையப் போங்க," என்றார்.

புகை கக்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தோம். அவள் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கெஞ்சியதில் கடைசி ஆளாக உள்ளே விட்டார்கள். வேலை கிடைத்தது. திரும்பும்போது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "இந்த ஆயில் கதை முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் நடந்தே வந்திருப்பேன்."

இன்றும் டாக்டரோ மெக்கானிக்கோ "என்ன செய்தீங்க?" என்று கேட்டால், மறைக்கத்தான் முதலில் வாய் வருகிறது, ஆனால் பாலத்தருகே பையை அணைத்து நின்ற அவள் முகம் நினைவுக்கு வந்து, உள்ளதைச் சொல்ல வைத்துவிடுகிறது.