ஓடிப்போனவன் வீட்டுக்கு வந்த சாவுச் செய்தி

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வாரம் சமாசாரம் கொஞ்சம் கனம். மனசு சரியில்லாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடலாம்... கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை இதே மாதிரி ஒரு பீடிகையை, தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில் கன்னியப்பன் அண்ணன் வீட்டில் போட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அண்ணா, மனசைத் திடப்படுத்திக்கோங்க. பிபி மாத்திரை போட்டீங்களா?"

"யாரு சார் செத்தது? நேரா சொல்லுங்க."

"அது வந்து... உங்க கொள்ளுத் தாத்தா."

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவர் மனைவி சரோஜா அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "இன்னாங்க, சார் வெயில்ல நடந்து வந்தாரா?" என்றார்.

சிரிப்பு வருகிறதா? விஷயம் தெரியாமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்த்த பென்ஷன்காரர். அவர் குடும்பத்துக்கு அந்த வட்டாரத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு — ‘ஓடிப்போனவன் வீடு’. 1890-களில் குடியாத்தம் பக்கத்திலிருந்து தங்கம் வெட்ட வந்தவர் முனுசாமி, அவருடைய கொள்ளுத் தாத்தா. பெண்டாட்டியும் கைக்குழந்தையும் வீட்டில் இருக்க, ஒரு நாள் ஷிப்டுக்குப் போனவர் திரும்பவே இல்லை. ஓடிவிட்டான் என்றார்கள் மேஸ்திரிகள். அந்தக் காலத்தில் வேலை தாங்காமல் ஓடினவர்கள் நிறையப் பேர். யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த அம்மாள் சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை. சாபத்தையும் நிறுத்தவில்லை. உயிரோடு எங்கோ இருக்கிறவனுக்குத் திதி ஏது?

பழி லேசில் விடுமா? பெண் கேட்கப் போன இடத்திலெல்லாம் ‘ஓடுற ரத்தமாச்சே’ என்றார்களாம். கன்னியப்பன் அண்ணன் காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போனவர். ஒரு நாள் மட்டம் போட்டாலும், ‘பாத்தியா, ஆரம்பிச்சிட்டான்’ என்பார்கள் என்று அவருக்குப் பயம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மகாளய அமாவாசைக்குப் பேத்தமங்களாவில் என் நண்பர் வேலு வீட்டில் சாப்பாடு. படையலில் இரண்டு இலை போட்டிருந்தார்கள். எதற்கு இரண்டு?

"ஒண்ணு எங்க கொள்ளுத் தாத்தாவுக்கு. இன்னொண்ணு அவரு ஜோடிக்கு" என்றார் வேலு.

சுரங்கத்தில் அப்போது மெஷின் கிடையாது. ஒருவர் உளியைப் பிடிக்க, இன்னொருவர் சம்மட்டியால் அடிக்க வேண்டும். அடிக்கிறவர் குறி தப்பினால் பிடிக்கிறவர் கை போச்சு. அப்படி உயிரை நம்பிக் கொடுத்தவர்தான் ஜோடி.

"ஒரு நா பாறை சரிஞ்சிடுச்சி. எங்காளு தப்பிச்சாரு, ஜோடி மாட்டிக்கினாரு. ஓடிட்டான்னு சொல்லிட்டா தோண்டிப் பாக்க வேணாம் பாரு! வெளிய வாய தொறந்தா தொலைச்சிடுவோம்னு மேஸ்திரிங்க எங்காள மிரட்டிட்டாங்க. அன்னிக்கே வேலைய விட்டுட்டு இந்த ஊருக்கு வந்துட்டாரு. வருசா வருசம் இலை மட்டும் போடுறோம்."

"அவர் பேரு?"

"முனுசாமி. குடியாத்தத்து ஆளு. எடது கையில ஆறு வெரலு."

கன்னியப்பன் அண்ணனுக்கும் இடது கையில் ஆறு விரல். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பஸ் தூரம். அடப் பாவமே, தலைமுறை தலைமுறையாக ஒருவர்கூட அந்த பஸ்ஸில் ஏறி வந்து சொல்லவில்லையே!

இதைச் சொல்லத்தான் அத்தனை பீடிகையும். பீடிகையெல்லாம் கேட்கிறவருக்கு என்று நினைக்கிறோம். பாதி, சொல்கிறவனின் நடுக்கத்துக்கு.

முழுக்கக் கேட்டார் அண்ணன். எழுந்து பின்பக்கம் போனார். வாளித் தண்ணீரைத் தூக்கி, சட்டையோடு தலையில் ஊற்றிக்கொண்டார். சாவுச் செய்தி கேட்டால் செய்கிறதுதான். அக்கா தடுக்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு போய் நின்றார்.

ஈரத்தோடு வந்து உட்கார்ந்தார்.

"எங்கப்பா கடைசி வரைக்கும் ஓடிப்போனவன் பேரன்னுதான் சார் பேர் வாங்கினாரு. அவராச்சும் கேட்டுட்டுப் போயிருக்கலாம்."

அக்கா நீட்டிய துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்த வீட்ல... இலையில இன்னா வெப்பாங்க?"

"களியும் மொச்சைக்கொட்டைக் குழம்பும். அவருக்கு அதுதான் பிடிக்குமாம்."

அண்ணன் உடைந்து அழுதார்.

"அவருக்கு இன்னா புடிக்கும்னு ஊரான் வீட்டுக்குத் தெரிஞ்சிருக்குது. எங்களுக்கு அவரத் திட்ட மட்டுந்தான் சார் தெரியும்."