டிராகனுக்கு வால் பிடித்தவன்

என்ன வேலை என்று யாராவது கேட்டால் தலையைச் சொறிய வைக்கும் தொழில்கள் சில உண்டு. என்னுடையது அதில் ஒன்று. யாருக்காவது பின்னால் குனிந்து நின்று பிழைத்தவராக நீங்கள் இருந்தால் என் முதுகுவலி உங்களுக்குப் புரியும். எழுபதுகளில் ஒரு ஹொலிவுட் கம்பனி சிட்னிக்கு மாயாஜாலப் படம் எடுக்க வந்தது. அதில் வரும் டிராகனின் தோலுக்குள் இரண்டு பேர். முன்கால்கள் கிரேக்க நண்பன் நிக்கோஸ். பின்கால்களும் வாலும் நான்.

வீட்டில் சொன்னது

யாழ்ப்பாணத்துக் கந்தோரில் எவருக்கும் வால் பிடிக்க மாட்டேன் என்று விறைத்துக்கொண்டு நின்று, பதவி உயர்வு கிடைக்காமல் ஊரைவிட்டு வெளிக்கிட்டவன் நான். இங்கே என்ன வேலை கிடைத்தது என்று மனைவி புஷ்பம் கேட்டபோது, “வால் பிடிக்கிற வேலை” என்று உள்ளதைச் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அதை ஊரிலையே செய்திருந்தா இப்ப பெரிய கிளாக்கர் ஆகியிருப்பியளே!”

முகம்

விஷயம் விளங்கியதும் அவள் போக்கே மாறிவிட்டது. நாங்கள் இருந்த சிட்னி நார்த்மீட்டில் அப்போது எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் மூன்று. மூன்றிலும் இவர் படத்தில் நடிக்கிறார் என்று சொல்லிவிட்டாள். இனி என் முகம் திரையில் வந்தே ஆக வேண்டும்.

டைரக்டரிடம் கெஞ்சினேன். கடைசிக் காட்சியில் மந்திரம் கலைந்து நீ மனிதனாக வெளியே வருவாய் என்று வாக்குக் கொடுத்தார். அடுத்த கிழமை அவரை அனுப்பிவிட்டார்கள். இரண்டாமவரிடமும் கெஞ்சினேன். பார்க்கலாம் என்றவர், கதாநாயகியோடு சண்டை பிடித்துக்கொண்டு போய்விட்டார். மூன்றாமவர் வந்த அன்றே டிராகன் தோலின் சிப்பைத் திறந்து தலையை நீட்டினேன். மனிதர் பயந்து இரண்டடி பின்னால் போனார். “இந்த வாலுக்குள் ஆள் வேறு இருக்கிறானா?”

புகை

டிராகன் வாயால் புகை விட வேண்டும். ஒரு நாள் குழாய் கழன்று, புகையெல்லாம் வாலடியால் வெளியே வந்தது. தளமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கோ மூச்சு முட்டியது, சிப்பும் இறுகிவிட்டது. நிக்கோஸ்தான் தோலைக் கிழித்து என்னை வெளியே இழுத்தான். நான் இருமி முடியும்வரை முதுகில் தட்டிவிட்டுச் சொன்னான்: “மத்தியானம் அந்தப் பருப்பைச் சாப்பிடாதே என்று சொன்னேனே!”

மத்தியானக் காட்சி

படம் வெளியானது. புஷ்பம் கூறைச்சேலை கட்டிக்கொண்டு, மூன்று வீட்டாரையும் ஒரே வரிசையில் இருத்தினாள். டிராகன் வரும்போதெல்லாம் அதன் தலையைத்தான் காட்டினார்கள். மந்திரம் கலைந்தபோது வெளியே வந்தது ஒரு புறா. நான் வெட்கத்தில் கதிரைக்குள் புதைந்தேன்.

புறா பறந்து முடிகிற நேரம், குகை வாசலில் கிடந்த டிராகன் தோலின் வால் மட்டும் ஒருமுறை எழும்பி இடப்பக்கம் சாய்ந்தது. புஷ்பம் துள்ளி எழுந்தாள். பின்னால் இருந்தவர் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “அந்தா, எங்கட இவர்! ஊரில ஒருத்தருக்கும் வால் பிடிக்காத மனிசன், இஞ்ச எவ்வளவு வடிவாப் பிடிச்சிருக்கிறார் பாருங்கோ!”

கந்தோரில் வால் பிடித்தவர்கள் எல்லாம் பதவியில் ஏறினார்கள். நானும் வால் பிடித்து ஏறினேன், திரையில், மூன்று விநாடி.