படுத்தபடி வந்த மாப்பிள்ளை

எங்கம்மா போட்ட கண்டிஷன் ரெண்டுதான். வாயத் தொறக்கக் கூடாது. கம்ப்யூட்டரத் தொடக் கூடாது. அன்னைக்கு என்னைப் பொண்ணு பார்க்க வர்ற நாள். பொண்ணு பார்க்குற இடம், நான் வேலை செஞ்ச பிரவுசிங் சென்டர். அங்க உக்காந்துகினு கம்ப்யூட்டரத் தொடாம இருன்னா எப்படி?

இடம் ஏன் அப்படி அமைஞ்சதுன்னா, மாப்பிள்ளை குவைத்துல வெல்டர். ரெண்டு வருஷமா லீவு கெடைக்கல. போட்டோ பார்த்தது போதாது, பொண்ணு பேசி நான் கேக்கணும்னு அடம் புடிச்சார். பேர் கேட்டா பேர மட்டும் சொல்லு, அதோட நிறுத்திக்கோன்னாங்க எங்கம்மா. "பொண்ணு வேலை செய்ற கடையிலயே கேமரா கீது, அதுல பாத்துக்கட்டும்"னு ரெண்டு வூட்டுக்கும் பொதுவான ஒருத்தர் ஐடியா குடுத்துட்டார். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டத் தாண்டினதும் எங்க கடை. முதலாளிய எல்லாரும் பாய்னுதான் கூப்பிடுவோம். நாலு கம்ப்யூட்டர், நாலுல ஒண்ணுக்கு மட்டும் கேமரா.

எனக்குக் கல்யாணத்த விட அந்த வேலைதான் பெருசு. இத மறைச்சி எனக்கு இன்னா ஆவப்போவுது? பி.காம் முடிச்சிட்டு ஒன்றரை வருஷம் வூட்ல குந்திகினு இருந்தவள, "மேடம், கொஞ்சம் பாருங்க"ன்னு நாலு பேரு கூப்பிட்டது அந்தக் கடையிலதான். ஆனா ஏற்கெனவே ரெண்டு வரன் தட்டிப்போச்சு. ரெண்டு பேரும் சொன்ன காரணம் ஒண்ணுதான்: பொண்ணுக்கு வாய் ஜாஸ்தி. மொத வந்த ஆளு "கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணுவ"ன்னு கேட்டான். சொன்னேன். முக்கா மணி நேரம் சொன்னேன். கேட்டா சொல்லணுமா இல்லியா? எங்கம்மா கடைசியா தீர்ப்பு குடுத்துட்டாங்க. "இதுவும் தட்டிப்போச்சுன்னா வேலைக்கு முழுக்கு. வூட்லயே கெட." எங்கம்மா ஒண்ணு சொன்னா சொன்னதுதான்.

கடை சமாச்சாரம் கொஞ்சம் சொல்லணும். திருட்டு சிடி போட்டிருந்தா ரெய்டு வரும்னு எவனோ பயமுறுத்தினதுல, பாய் எல்லா மெஷின்லயும் லினக்ஸ்னு ஓசியில கெடைக்கிற சாப்ட்வேரப் போட வெச்சிட்டார். போட்டுக் குடுத்த ஆளு ஒரு வாரத்துல எஸ்கேப். அதுக்கப்புறம் எல்லாம் நான்தான். கேமரா இருந்த மெஷினுக்கு ஒரு வியாதி உண்டு. கரண்ட்டு போயி வந்தா, திரையில எல்லாம் பூதமாப் பெருத்துடும். ஒவ்வொரு ஜன்னலோட அடிப்பாகமும் திரைக்குக் கீழ போயி ஒளிஞ்சிக்கும், அங்க இருக்குற பட்டனத் தொட முடியாது. மெனுவுல தேடி மாத்தினா மாறாது. ஒரு கருப்பு ஜன்னலத் தொறந்து, எக்ஸ்ராண்டர்னு ஆரம்பிச்சு, ஒரு கோடு, ஒரு எஸ், ஆயிரத்து இருபத்திநாலு எக்ஸ் எழுநூத்தி அறுபத்தெட்டுன்னு அடிச்சு என்டர் தட்டணும். திரை ஒரு வாட்டி கண்ண மூடித் தொறக்கும். எல்லாம் அளவா வந்து குந்திக்கும்.

அதே எக்ஸ்ராண்டர்ல வேற வாலு சேர்த்தா திரையே சாஞ்சி படுத்துக்கும். பொண்ணு பார்க்க வர்றதுக்கு மொத நாள்தான் அந்த வேலையும் பண்ணியிருந்தேன். ஒரு கப்பல்காரருக்கு அவரோட சர்டிபிகேட் மெயில்ல படுத்த வாக்குல வந்துச்சு. படத்த மட்டும் எப்படித் திருப்புறதுன்னு எனக்குத் தெரியல, மொத்தத் திரையையும் திருப்பிட்டேன். அவர் படிச்சி முடிச்சதும் நிமிர்த்தி வெச்சி, அளவையும் சரி பண்ணேன். அன்னைக்கு என்னைப் பெரிய மேதாவின்னு நெனச்சிகினேன்.

அந்தக் கருப்பு ஜன்னலுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. மேல் அம்புக்குறிய ஒரு வாட்டி அமுக்கினா கடைசியா அடிச்ச வரிய அதுவே எழுதிக் காட்டும். ரெண்டு வாட்டி அமுக்கினா அதுக்கு முந்தினது. மூணு வாட்டின்னா அதுக்கும் முந்தினது. பாய்க்கு நான் சொல்லிக் குடுத்த மொத்த கம்ப்யூட்டர் படிப்பும் இதான்: "மேல் அம்பு ஒரு வாட்டி, அப்புறம் என்டர்."

வெள்ளிக்கிழமை, மாப்பிள்ளைக்கு அங்க வார லீவு. பாய் தொழுகை முடிச்சி அத்தர் வாசனையோட வந்து ஃபேன் போட்டார். எண்ணூர்லேர்ந்து மாப்பிள்ளையோட அம்மாவும், அந்தம்மாவோட நாத்தனாரும் வந்தாங்க. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு சோடா பாட்டில் அடி மாதிரி கண்ணாடி. நான் பட்டுப் பொடவ, ரெண்டு முழம் மல்லி, கேமரா முன்னாடி சேர். எங்கம்மா பக்கத்துல, கை கிள்றதுக்குத் தயாரா. மாப்பிள்ளை கூப்பிடுற மணி அடிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கரண்ட்டு ஒரு நிமிஷம் போயி வந்துச்சு.

அவ்ளோதான், பூதம். மணி அடிக்குது, எடுக்குற பட்டன் திரைக்குக் கீழ. பல்ல கடிச்சிகினு பாய்கிட்ட "மேல் அம்பு, ஒரு வாட்டி"ன்னு முணுமுணுத்தேன். தொடையில நறுக்குன்னு ஒரு கிள்ளு விழுந்துச்சு.

பாய் கருப்பு ஜன்னலத் தொறந்து மூணு வாட்டி அமுக்கினார், கப்பல்காரருக்காக திரையச் சாச்ச வரி வந்து நின்னுச்சு. வூட்டு வாசல்ல காலிங் பெல்லயும் அவர் மூணு வாட்டிதான் அமுக்குவார். ஒரு வாட்டி அமுக்கினா எவனுக்கு காது கேக்குதுன்னு கேப்பார். என்டர் தட்டினதும் திரை அப்படியே இடதுபக்கம் சாஞ்சிடுச்சு. ஆனா சாஞ்சதுல ஒரு லாபம், ஒளிஞ்சிருந்த பட்டன் வெளிய வந்துடுச்சு. பாய் மௌஸ வலதுபக்கம் தள்ளினா அம்பு மேல ஏறுது. "யா அல்லா, இன்னாமா இது செவுத்துல ஏறுது"ன்னு தடவித் தடவி எப்படியோ பட்டனத் தட்டிட்டார்.

மாப்பிள்ளை வந்தார். படுத்தபடி வந்தார். தலை இடதுபக்கம், சட்டை வலதுபக்கம்.

"நைனா! இன்னாடா படுத்துகினு கீற?"ன்னு அந்தம்மா அலறினாங்க.

"நான் குந்திகினுதான்மா கீறேன்."

எங்களுக்கெல்லாம் தானா கழுத்து சாஞ்சிடுச்சு. எங்கம்மா, பாய், நாத்தனாரம்மா, நான், ஒரே வரிசையா இடதுபக்கம் தலைய சாச்சிகினு பார்க்குறோம். அந்தப் பக்கம் அவருக்கு நாங்க நேராத்தான் தெரியிறோம், தலை மட்டும் கோணல். கொஞ்ச நேரம் பாத்துட்டு மெதுவாக் கேட்டார், "ஏம்மா, பொண்ணுக்கு கழுத்து சுளுக்கா?"

சிரிப்ப அடக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போச்சு. ஆனா அந்தம்மா சிரிக்கல. "பொய் சொல்றான். எங்கயோ விழுந்துட்டான். ஆஸ்பத்திரில படுத்துகினு எனக்குத் தெரியக் கூடாதுன்னு மறைக்கிறான். டேய், கால் கீதாடா? காலக் காட்டுடா!" அவர் பாவம், காலத் தூக்கிக் காட்டினார். கால் திரையோட பக்கவாட்டுலேர்ந்து வந்து நின்னுச்சு. "ஐயோ, தொங்குதே! கட்டி தொங்க வுட்டுகீறாங்களே!"ன்னு அந்தம்மா மாருல அடிச்சிகினு அழுதாங்க. கண்ணாடியக் கழட்டித் தொடச்சி தொடச்சி பாக்குறாங்க. நெஜமான அழுகை. ரெண்டு வருஷமா புள்ளைய பாக்காத அழுகை.

இவ்ளோ நேரமா பொம்ம மாதிரி குந்திகினு கீறமேன்னு என் மேலயே கோவம் வந்துச்சு. கண்டிஷனாவது மண்ணாவது. பொடவய இழுத்து சொருகினேன், "தள்ளுங்க பாய்"னேன், எக்ஸ்ராண்டர், கோடு, ஓ, நார்மல், என்டர். மாப்பிள்ளை எழுந்து குந்தினார்.

அளவையும் சின்னதாக்கலாம்னு கை வெச்சேன். அந்தம்மா கைய புடிச்சிகினாங்க. "வுடும்மா. பெருசாவே கெடக்கட்டும். இப்பதான் மூஞ்சி தெரியுது." திரைகிட்ட மூக்கு இடிக்கிற அளவுக்குப் போயி, "எளச்சிட்டியேடா"ன்னு ஆரம்பிச்சவங்க அரை மணி நேரம் விடல. பொண்ணுன்னு ஒருத்தி இருக்கறதே எல்லாருக்கும் மறந்துபோச்சு. கடைசியா மாப்பிள்ளைக்குத்தான் ஞாபகம் வந்து, "இன்னாங்க பண்ணீங்க, எப்படி சரியாச்சு?"ன்னு கேட்டார். கேட்டுட்டார். நான் ஆரம்பிச்சிட்டேன். கருப்பு ஜன்னல், அம்பு, அளவு, சாய்வு எல்லாம். எங்கம்மா கிள்றத விட்டுட்டு கண்ண மூடிகினாங்க.

ஞாயித்துக்கிழம பதில் வந்துச்சு. நாத்தனாரம்மாவோட தீர்ப்பு. ஆம்பளய தள்ளிட்டு மெஷின்ல கை வெக்கிற பொண்ணு குடும்பத்துக்கு ஆவாதாம். அன்னைக்கே எங்கம்மா பாய்க்கு போன் போட்டு, "இனிமே வரமாட்டா"ன்னு சொல்லிட்டாங்க. எங்கப்பா கூட்ஸ் ஷெட் டூட்டி முடிச்சி வந்து, ரெண்டு பேர் மூஞ்சியயும் பாத்துட்டு சாப்ட்டு படுத்துட்டார். மாப்பிள்ளை போனதுக்கு எனக்கு ஒரு சொட்டு கண்ணீர் வரல. கடை ஷட்டர் தூக்குற சத்தம் நெனச்சாத்தான் அழுகை அழுகையா வந்துச்சு. அந்த வாரம் பூரா சோத்துல உப்பு போட்டேனா இல்லியான்னே தெரியல.

அடுத்த வெள்ளிக்கிழமை. நைட்டி மேல துண்டப் போட்டுகினு சங்கரா மீன் ஆஞ்சிகினு இருந்தேன். வாசல்ல ஆட்டோ வந்து நின்னுச்சு. சோடா பாட்டில் கண்ணாடி அம்மா எறங்கினாங்க, பின்னாடியே வேர்த்து ஊத்திகினு பாய். எங்கம்மா மூஞ்சியில பல்பு எரிஞ்சிடுச்சு. "வாங்க வாங்க, உள்ள வாங்க"ன்னு சேர் எடுத்துப் போட ஓடினாங்க.

"கல்யாண விஷயமா வரலம்மா. எங்க அந்தப் பொண்ணு? எம்புள்ள லைன்ல காத்துகினு கீறான். இவரு அவன தீப்பெட்டி சைசுக்கு பண்ணிட்டாரு."

"பெருசாக் காட்டுன்னு கேட்டாங்க, பெரிய நம்பரா பாத்துப் போட்டேன்மா"ன்னார் பாய். "போட்டா அவரு சின்னதாயிட்டாரு. இதுல இன்னா நாயம் கீது?"

பெரிய நம்பர் போட்டா படம் சின்னதாவும், சின்ன நம்பர் போட்டாத்தான் பெருசாவும்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. எங்கம்மா மூஞ்சியப் பாத்துட்டு முழுங்கிட்டேன்.

"அவள வேலையவுட்டு நிறுத்திட்டோம்"னாங்க எங்கம்மா.

"ஏன்?"

"உங்க வூட்ல வேணான்னு சொல்லிட்டீங்களே."

அந்தம்மா போட்ட சேர்ல குந்தல. நின்னுகினே கேட்டாங்க. "என் நாத்தனா வேணான்னது மருமகளா வர்றதுக்கு. எம்புள்ள மூஞ்சிய எனக்குக் காட்ட வேணான்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

எங்கம்மா என்னப் பாத்தாங்க. வந்து குனிஞ்சி, என் கையிலேருந்து மீன வாங்கிகினு அருவாமனை முன்னாடி குந்தினாங்க. "சோப்பு போட்டு கழுவிகினு போ"ன்னாங்க. நான் கழுவினதா கூட ஞாபகம் இல்ல, ஆட்டோவுல ஏறிட்டேன்.

பாய் ஏறப் போனவர எங்கம்மா நிறுத்தினது எனக்குக் கேட்டுச்சு. "பாய், நாளைக்கு எத்தினி மணிக்கு கட தொறப்பீங்க? அனுப்பி வுடணும்."