வரிசை அக்கா

எதிர்முனையில் இருப்பவர் மீட்டர் எண்ணைப் பாதி சொல்வதற்குள் அக்கா விசையைத் தட்டியிருப்பாள். முதல் நாலு இலக்கம் போதும். அப்படித் தொடங்கும் வரிகள் மட்டும் கறுப்புத் திரையில் வந்து நிற்கும். அவசர வண்டிக்கு முகவரி சொல்லி, வேலை முடிந்ததும் ரிசீவரை வைத்துவிடுவாள். நன்றி வாங்கக்கூட நிற்பதில்லை. "அடுத்தவங்களுக்கு லைன் வேணும்ல" என்பாள்.

எங்கள் எரிவாயு அவசர அறையில் அவளுக்கு 'வரிசை அக்கா' என்று பெயர். பட்டனும் படமுமாகப் புது மென்பொருள் வந்து தூங்குகிறது; அக்காவுக்குக் கறுப்புத் திரையில் எண்ணைத் தேடும் அந்தப் பழைய ஒற்றைக் கட்டளைதான் கதி. அகராதி புரட்டுவதுபோல அது இணைப்புகளின் கோப்பை நடுவில் திறக்கும். தேடும் எண் முன்னாலா பின்னாலா என்று பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிக்கொண்டே போகும். அதனால்தான் அந்த வேகம். கோப்பு மட்டும் எண் வரிசையில் இருந்தாக வேண்டும். அக்காவுக்கும் அதே குணம். வீட்டில் செருப்பு முதல் கரண்டி வரை அளவுவாரியாக நிற்குமாம். "ஒரு நாள் என்னையும் எங்கயாவது அடுக்கிடுவா" என்று அவள் கணவர் எங்களிடம் புலம்பியிருக்கிறார்.

போன வாரம் காலையில் ஒரு பெண் பேசினாள். வீடு முழுக்க வாயு நெடி, வாசல் கதவு இறுகிக்கொண்டது, தலை சுற்றுகிறது. குடிவந்து இரண்டு நாள்தான். முகவரி சட்டென்று வரவில்லை. ஜன்னலைத் திறக்கச் சொல்லி, சுவிட்சைத் தொடாதே என்று எச்சரித்து, மீட்டர் எண்ணைப் படிக்கச் சொன்னாள் அக்கா.

"நாலு... ஏழு... ஒண்ணு... ஆறு... பாப்பா வேற இருக்குங்க..."

ஏதோ விழும் சத்தம். பிறகு பேச்சில்லை.

அக்கா நாலு இலக்கத்தையும் தட்டினாள். திரையில் ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். வெறுமை. மயக்கத்தில் தப்பாகப் படித்திருப்பார்கள் என்றார் மேற்பார்வையாளர். அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, என்ன செய்வதென்று தெரியாத கோபம்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "குடிவந்து ரெண்டு நாள்தான்னாங்கல்ல? புதுசெல்லாம் அடியில கிடக்கு. இன்னிக்கு நான் வரிசைப்படுத்தவே இல்ல."

புதிய இணைப்புகளைக் கோப்பின் அடியில் சேர்த்துவிட்டுப் போவார்கள். ஆனால் எண்கள் பகுதிவாரியாக வருபவை, அவற்றின் இடம் அங்கே இல்லை. வந்து உட்கார்ந்ததும் வரிசைப்படுத்துவதுதான் அக்காவின் முதல் வேலை. அன்று உட்காரும்போதே தொலைபேசி அடித்தது. அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டாள். கட்டளை அடிப்பக்கம் எட்டியே பார்க்காமல் திரும்பிவிட்டது. 'இல்லை' என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லாது அது.

கோப்பை வரிசைப்படுத்தி மீண்டும் தட்டினாள். மூன்று வரிகள் வந்தன. மூன்றும் ஒரே கட்டடம், மூன்று மாடிகள்.

நான் வண்டியை அழைத்து முகவரியைச் சொன்னேன். அக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்து, "மூணு மாடியையும் தட்டச் சொல்லு. திறக்காத கதவை உடைக்கச் சொல்லு" என்றாள்.

பிறகு காத்திருந்தோம். மேற்பார்வையாளர் அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரிசீவருக்குள் கதவு உடையும் சத்தம் எனக்கே கேட்டது. நம் ஆட்களின் குரல்கள், இருமல், வெகுநேரம் கழித்து ஒரு குழந்தையின் அழுகை. அங்கே யாரோ ரிசீவரை எடுத்து, "ரெண்டு பேரையும் ஜன்னல்கிட்டயே பாத்துட்டோம்க்கா. நல்லா இருக்காங்க" என்றார்.

வேலை முடிந்துவிட்டது. பக்கத்துத் தொலைபேசி அடித்தது, நான் எடுத்தேன். அக்கா ரிசீவரை வைக்கவில்லை. இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தபடி, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.