மஞ்சள் புள்ளியை நம்பாத பெண்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலத்தில், மதுரையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நடந்தது இது. நான் தங்கச்சிமடத்தில் கருவாடு மொத்த வியாபாரம் செய்கிறவள். மேலே நல்லதை அடுக்கி, அடியில் பொடியைத் தள்ளிவிடும் கூடைகளோடு மல்லுக்கட்டியே பாதி ஆயுள் போய்விட்டது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள் இல்லை நான்.

விசைப்படகில் கடலுக்குப் போகும் என் தம்பிக்கு இடது பக்க வயிறு கனத்துக்கொண்டே வந்தது. வாயு என்று சொல்லி ஒரு டாக்டர் மாத்திரையாகக் கொடுத்துத் தள்ளினார். ராமநாதபுரத்தில் காட்டியபோதுதான் ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்றார்கள். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். ரத்த அணுவுக்குள் இரண்டு மரபணுக்கள் இடம் மாறி ஒட்டிக்கொண்டால் ஒரு வகைப் புற்றுநோய் வருமாம். அப்படி ஒட்டியிருந்தால் தினமும் சாப்பிடும் மாத்திரையிலேயே கட்டுப்படுத்திவிடலாம். ஒட்டவில்லை என்றால் இது வேறு ஏதோ. முதலிலிருந்து தேட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள ரத்தம் மதுரைக்குப் போக வேண்டும்.

கூரியரில் அனுப்புகிறோம் என்றார்கள். வழியில் யாருடைய ரத்தத்தோடு மாறிப்போகுமோ என்று எனக்குப் பக்கென்றது. நாங்களே கொண்டுபோகிறோம் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். வெயில் படாமல் கொண்டு போங்கள் என்றார் நர்ஸ். எங்களுக்கா சொல்ல வேண்டும்? ஐஸ் இல்லாமல் எதுவும் தாங்காது என்பது கடற்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். தம்பியே ஐஸ் வாங்கி நொறுக்கி, உப்பும் தூவி, ஒரு பெட்டியில் நிரப்பி, ரத்தம் இருந்த கண்ணாடிக் குழாயை நடுவில் புதைத்தான். "மதுரை என்ன, மெட்ராசுக்கே போகலாம்க்கா" என்றான்.

இருவரும் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பரிசோதனைக்கூடத்தில் பெட்டியைத் திறந்த பெண்ணின் முகம் சுண்டிப்போனது. "அக்கா, உப்புப் போட்ட ஐஸ்ல குளிர் கூடி ரத்தமே ஐஸா உறைஞ்சு அணுவெல்லாம் உடைஞ்சிருக்கும். இதுல பாக்க முடியாது. புதுசா எடுக்கணும்."

"ஐஸ்ல வச்சது கெட்டுப்போகுமா? யாருகிட்ட கதை விடுறீக?" என்று எகிறினேன். புதிதாக எடுப்பதில் சோதனை போக மிஞ்சும் ரத்தத்தை ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று அவள் அடுத்துக் கேட்டதும் என் சந்தேகம் முற்றிவிட்டது. கொண்டுவந்ததை அமுக்கிவிட்டு இன்னொரு குழாய் கறக்கப் பார்க்கிறார்கள், என் தம்பியை வைத்து எவனுக்கோ மருந்து செய்யப் போகிறார்கள் என்றே நினைத்தேன். ஆராய்ச்சிக்கெல்லாம் தரவே முடியாது என்றேன். "சரிக்கா" என்றாள். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"கையை நீட்டப்போறது நானு. நீ கொஞ்சம் சும்மா இரு" என்று தம்பி என்னை அடக்கிவிட்டு மறுபடி ரத்தம் கொடுத்தான்.

முடிவு சொல்வதாக இருந்த அன்று காலையிலேயே தம்பியையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். சோதனை நடக்கும் அறையில் விளக்கை அணைத்திருந்தார்கள். "இருட்டுக்குள்ள யாவாரம் பண்றவகளை நான் நம்புறதில்ல. எங்கண்ணால பாக்கணும்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். என் தொண்டைக்குப் பயந்தோ என்னவோ, பெரிய டாக்டர் உள்ளே விடச் சொன்னார்.

வெளிச்சம் பட்டால் சாயம் மங்கிவிடும், அதனால்தான் இருட்டு என்றாள் அந்தப் பெண். திரையில் நீல நிறத்தில் உருண்டை உருண்டையாக ரத்த அணுக்கள். அவற்றுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள் மின்னின. "ஒரு மரபணுவுல சிவப்புச் சாயம் ஒட்டும், இன்னொண்ணுல பச்சை. ரெண்டும் சேர்ந்து கிடந்தா மஞ்சளாத் தெரியும்."

முதல் அணுவிலேயே மஞ்சள் தெரிந்தது. "இருக்கு தாயி, இருக்கு! மாத்திரை எழுதச் சொல்லு" என்று கத்தியேவிட்டேன்.

அவள் திரும்பவில்லை. "எனக்கு இது சந்தேகமா இருக்குக்கா. ஒரு புள்ளிக்கு மேல இன்னொண்ணு சும்மா கிடந்தாலும் மஞ்சளாத்தான் தெரியும்."

ஒவ்வொரு அணுவாக எண்ணினாள். நோய் இல்லாத ஒருவரின் ரத்தத்தையும் வைத்து ஒப்பிட்டாள். முடித்ததும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூட வேலை பார்ப்பவரைக் கூப்பிட்டு, தனக்கு என்ன வந்தது என்று சொல்லாமலே, அவரைத் தனியாக எண்ண வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. வந்ததை அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா அவர் கண்ணுக்கும் அதேதான்க்கா தெரியும். நான் தப்பாப் பாத்திருந்தா உங்க தம்பிக்குத் தப்பான வைத்தியம் நடந்துரும்."

நான் வெளியே வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. மதியத்துக்கு மேல் அவளே தேடி வந்தாள். இரண்டு பேரும் தனித்தனியாக எண்ணியது ஒத்துப்போயிருந்தது. "ஒட்டியிருக்குக்கா. இனிமே சந்தேகமே இல்லை."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "ஏக்கா, வியாதி இருக்குன்னதுக்கா இம்புட்டுச் சந்தோசம்?" என்று சிரித்த தம்பி, அவளைப் பார்த்து, "மிச்ச ரத்தத்தை ஆராய்ச்சிக்கு வச்சுக்கங்க தங்கச்சி" என்றான். நான் மறுக்கவில்லை.

இப்போது தினமும் மாத்திரை சாப்பிடுகிறான். வயிறு வடிந்துவிட்டது, மறுபடி கடலுக்கும் போகிறான். எனக்கு இன்னமும் யாரையும் சட்டென்று நம்ப வராது. ஆனால் நான் ஏமாந்துவிடக் கூடாதே என்று பட்ட சந்தேகமெல்லாம் எனக்காக. முன்பின் தெரியாத ஒருவன் உயிருக்காகத் தன் கண்ணையே சந்தேகப்பட்ட அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் என் கைகள் தானாகக் குவிகின்றன.