இருபதாம் நாளுக்கு ஒரு மதர்போர்ட்

காலை ஒன்பது ஐம்பத்திரண்டு. கடையின் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு மட்டும் தூக்கப்பட்டிருந்தது. உள்ளே ஈரத் துணியால் தரையைத் துடைத்துக்கொண்டு நகரும் இரண்டு கால்கள் தெரிந்தன. ஒன்றில் மட்டும் செருப்பு இருந்தது.

பம்பலப்பிட்டியில் கணினிச் சாமான்கள் விற்கும் கட்டடம் ஒன்றின் இரண்டாம் மாடி அது. புதன்கிழமை. என் கணவர் இறந்து பதினேழாம் நாள். பொரளையில் தகனம் முடிந்த பிறகு நான் வீட்டை விட்டு வெளியே வந்தது அதுதான் முதல் தடவை. எங்கள் ஆட்களுக்குத் துடக்கு என்கிற தீட்டு முப்பத்தொரு நாள். அதுவரை வீட்டுக்குள் புதுப் பொருள் கொண்டுவருவதில்லை. புருஷனை இழந்தவள் கடைக்குப் போவதும் இல்லை. அந்த வழக்கத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இருக்கவில்லை. கையில் மகள் எழுதித் தந்த துண்டுத்தாள் இருந்தது, அதனால் வந்திருந்தேன்.

மகளுக்கு இருபது வயது. இணையத்தில் ஐந்து ஐந்து பேராகச் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டு ஒன்றில் அவள் ஒரு குழுவில் இருந்தாள். மற்ற நால்வரில் மூன்று பேர் சிங்களப் பையன்கள், ஒருத்தி தெஹிவளையில் இருக்கும் முஸ்லிம் பிள்ளை. தகுதிச் சுற்று சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு. ஐந்து பேர் இல்லாத குழுவைச் சேர்க்கமாட்டார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவன்று வீட்டில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். வாடகைக்கு எடுத்த மின்விசிறிகளும் தேநீர்க் கொதிகலனும் ஒன்றாக ஓடியதில் மூன்று தடவை கரண்ட் விழுந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவளுடைய கணினி எழும்பவில்லை.

செத்தவீடு முடிந்த நாளிலிருந்து அவள் 'ஓம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களோடு இருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை நான் சமைத்துக்கொண்டிருந்த குசினிக்குள் வந்து நின்று, மதர்போர்ட் போய்விட்டது, பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கும் இனி உதவாது என்று கதைக்கத் தொடங்கினாள். மற்றவர்களுக்கு ஆடுகளம் திறந்து அவர்கள் ஓடத் தொடங்கிய பிறகுதான் தனக்குத் திறக்கிறது என்றாள். "நான் போய்ச் சேரமுதல் எங்கடை ஆக்களிலை ரெண்டு பேரைச் சுட்டுப்போடுறாங்கள் அம்மா." ஆறு நிமிடம் கதைத்தாள். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். தான் கடைக்கு வரமாட்டேன், வழியில் எல்லாரும் அப்பாவைப் பற்றிக் கேட்பார்கள் என்றாள். சனிக்கிழமை அவள் விளையாட வேண்டும் என்பதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை.

ஷட்டர் முழுவதும் உயர்ந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். தலையில் வெள்ளைத் தொப்பி. மற்றச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வந்தார்.

"வாங்க மிஸ். மகனுக்கா?"

"மகளுக்கு."

"அப்பிடிச் செல்லுங்க. பொம்புளப் புள்ளையள்தான் இப்ப நல்லாச் சுடுற."

துண்டைக் கொடுத்தேன். பழைய ப்ரோசசரும் பழைய ராமும் அப்படியே இருக்கும், அவை இரண்டையும் ஏற்கும் போர்ட் வேண்டும் என்று அதில் இருந்தது. எஸ்.எஸ்.டி செருகும் எம்.டூ இடம் இரண்டு இருக்க வேண்டும். கடைசி வரியின் கீழ் இரண்டு கோடு: என்.வி.எம்.இ மட்டும், சாட்டா வேண்டாம்.

அவர் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். இரண்டிலும் ஒரே படம், ஒரே நிறம். "ரெண்டும் ஒண்டுதான் மிஸ். இது புதுசா வந்த ஸ்டொக்."

பத்திரிகையில் எனக்குப் பிழை பார்க்கும் வேலை. இருபத்தியாறு வருடம். எண்களையும் பெயர்களையும் நாங்கள் பின்னாலிருந்து முன்னால் வாசிப்போம். முன்னாலிருந்து வாசித்தால் கண் தனக்குத் தெரிந்ததை இட்டு நிரப்பிவிடும். பெட்டிகளின் பக்கவாட்டில் இருந்த மாதிரி எண்ணை அப்படி வாசித்தேன். ஒன்று 'டி நான்கு' என்று முடிந்தது. மற்றதில் அது இல்லை.

"இது ஐந்தாவது தலைமுறை ராமுக்கு. எங்களிடம் இருப்பது நாலு."

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மிஸ் எங்க வேல செய்ற?"

"பேப்பரில். பிழை பார்க்கிற வேலை."

"அப்ப எங்கட பில் புக்கையும் ஒருக்காப் பார்த்துக் குடுங்க."

எஸ்.எஸ்.டி இரண்டை வைத்தார். சூயிங்கம் பட்டை அளவு. ஒன்றின் வாய்ப்பக்கத்தில் இரண்டு வெட்டு, மற்றதில் ஒன்று. இரண்டு வெட்டு இருப்பது சாட்டா என்று மகள் துண்டின் மூலையில் படம் கீறியிருந்தாள். அது விலை குறைவு, கேம் திறக்க ஐந்து செக்கன்தான் கூடும் என்றார். ஒற்றை வெட்டு இருந்ததை எடுத்தேன்.

பில்லில் மகளின் பெயரை எழுதியதும் அவருக்கு ஏதோ ஞாபகம் வந்தது. பெட்டியைக் கட்டும்போது கேட்டார். "போன முற ஸேர்தானே மகளோட வந்த? எல்லாத்தயும் போட்டோ எடுத்துக்கிட்டுப் போன. ஸேர் வரல்லயா?"

"அவர் இறந்துவிட்டார்."

டேப் பாதியில் நின்றது. வாய்க்குள் ஏதோ ஓதினார். பிறகு டேப்பைக் கடிக்காமல் கத்தரிக்கோல் தேடி எடுத்து வெட்டினார்.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இறங்கியபோது பதினொன்றரை. என் கணவரின் அக்கா வாசலில் நின்றார். துடக்கு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று கொட்டாஞ்சேனையிலிருந்து தினமும் பஸ்ஸில் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுவருவார். நான் அடுப்பு மூட்டுவது அவருக்குத் தெரியும். அதைப் பற்றி அவர் கதைப்பதில்லை.

"எங்கை போட்டு வாறீர்?"

"பம்பலப்பிட்டிக்கு, மச்சாள்."

"முப்பத்தொண்டு முடியமுதல் இப்பிடி வெளிக்கிட்டா சனம் என்ன கதைக்கும்?"

"சனம் நான் வீட்டிலை இருந்தாலும் கதைக்கும்."

"அது சரி. உதென்ன பெட்டி?"

"மதர்போர்ட்."

"என்ன போர்ட்டோ, புதுச் சாமான். உள்ளை கொண்டுபோகாதேயும்."

மகள் அறைக்குள்ளிருந்து வந்து பெட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். "இது பழைய கொம்பியூட்டருக்குள்ளை போறது மாமி. புதுசில்லை."

"உன்ரை மாமாவும் பழைய காருக்குப் புது எஞ்சின் போட்டவர். பிறகேன் தேசிக்காய் வெட்டிக் கண்ணூறு கழிச்சவர்?"

மகள் அறைப்பக்கம் திரும்பினாள். பெட்டி உள்ளே போனது. மச்சாள் கேரியரைத் திறந்து பூசணிக்காய்க் கறியைக் கிண்ணத்தில் ஊற்றினார்.

வியாழக்கிழமை காலை மகள் சாப்பாட்டு மேசையைத் துடைத்து, வெறும் பெட்டியின் மேல் போர்ட்டை வைத்தாள். ப்ரோசசரைப் பொருத்தினாள். ராம் இரண்டையும் அழுத்தினாள். எஸ்.எஸ்.டியை முதல் எம்.டூ இடத்தில் செருகிச் சின்னத் திருகாணியால் இறுக்கினாள். அந்த முதல் இடந்தான் வேகமானது, ப்ரோசசரோடு நேரே கதைப்பது என்று எனக்குச் சொன்னாள். பிறகு குளிக்கப் போனாள். நான் பல்கனியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கரையோர ரயில் ஒன்று போனது. திரும்பி வந்தபோது மச்சாள் செம்போடும் மாவிலையோடும் மேசையருகே நின்றார். மஞ்சள் தண்ணீர். போர்ட்டின் மேல் பதினொரு துளிகள் இருந்தன. எண்ணினேன்.

"ஒரு சொட்டுத்தான் தெளிச்சனான்" என்றார். "புதுசு உள்ளை வந்திட்டுது. பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாதெல்லே."

மகள் தலையில் துவாயோடு வந்து நின்றாள். "மாமி" என்றாள். எஸ்.எஸ்.டியைக் கழற்றினாள். போர்ட்டைச் சரித்துப் பிடித்தாள். மஞ்சள் தண்ணீர் முதல் எம்.டூ இடத்தின் வாயிலிருந்து மேசைவிரிப்பில் சொட்டியது. மச்சாளின் கையில் செம்பு இன்னும் இருந்தது.

"கரண்ட் குடுக்கேல்லைத்தானே?" என்றேன்.

"இல்லை."

துவாயை எறிந்துவிட்டு, ஈரத் தலையோடு அவள் படியிறங்கினாள். பதினெட்டு நாட்களில் அவள் வாசலைத் தாண்டியது அதுதான் முதல் தடவை. நான் பின்னால் போனேன். மச்சாளும் வந்தார். வேண்டாம் என்று நாங்கள் சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. ஓட்டோவில் மூன்று பேரும் இருந்தோம். போர்ட் மகளின் மடியில், ஒரு தலையணை உறையின் மேல் இருந்தது. யாரும் வழியில் அப்பாவைப் பற்றிக் கேட்கவில்லை. காலி வீதியில் நெரிசல்.

கடைக்காரர் போர்ட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எனத்த மிஸ் இது? போர்ட்டுக்கு ஆணம் ஊத்தின மாதிரி ஈக்கி."

"மஞ்சள் தண்ணி, தம்பி" என்றார் மச்சாள். "கறிக் குழம்பில்லை. நல்ல சுத்தமான மஞ்சள்."

"ஏன் உம்மா?"

"துடக்கு வீடு. பிள்ளையின்ரை சாமான்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "வொரண்டிக் கார்டில தண்ணி பட்டா செல்லாது எண்டு ஈக்கி" என்றார். "மஞ்சள் தண்ணியப் பத்தி ஒண்டும் போடல்ல. ஆனா கம்பனிக்காரனுக்கு அத வெளங்கப்படுத்த ஏலா."

"நான் வந்து சொல்லுறன்" என்றார் மச்சாள்.

"நீங்க இரிங்க உம்மா."

பல்தூரிகையும் ஸ்பிரிட்டும் எடுத்து நாற்பது நிமிடம் துடைத்தார். மகள் டோர்ச் பிடித்தாள். இருவரும் தாழ்ந்த குரலில் பின்களைப் பற்றிக் கதைத்தார்கள். மச்சாள் பிளாஸ்டிக் கதிரையில் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தார். சுவரில் நிறம் மாறிக்கொண்டிருந்த மின்விசிறிகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நாளை பின்னேரம் வரை காற்றில் வைக்க வேண்டும், அதற்கு முன் கரண்ட் கொடுத்தால் போர்ட் போய்விடும் என்று கடைக்காரர் சொன்னார். பிழைக்குமா என்று மகள் கேட்டாள். சொல்ல ஏலாது என்றார். துடைத்ததற்கு ஒன்றும் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்குச் சுவிட்சைப் போட்டாள். விசிறி சுழன்றது. ஒரு நிமிடம் திரை கறுப்பாக இருந்தது. பிறகு எழுத்துகள் வந்தன. முதல் இடத்தில் செருகிய எஸ்.எஸ்.டியைப் போர்ட் காணவில்லை. கழற்றித் துடைத்துத் திரும்பச் செருகினாள். காணவில்லை. இரண்டாவது இடத்துக்கு மாற்றினாள். கண்டது. பாதி வேகந்தான் வரும் என்றாள். போதுமா என்று கேட்டேன். ஓம் என்றாள். கேம் இறங்கி முடிய சனிக்கிழமை காலை ஆகிவிட்டது.

இருபதாம் நாள், பிற்பகல் இரண்டு மணி. மகள் ஹெட்செட் போட்டுக்கொண்டு இருந்தாள். நான் கட்டிலின் விளிம்பில் இருந்தேன். மச்சாள் வாசற்படியில் நின்றார். அறைக்குள் வரவில்லை.

"எது எங்கடை பிள்ளை?"

"தெரியேல்லை மச்சாள். கையும் துவக்கும் மட்டுந்தான் தெரியுது."

மகள் சிங்களத்தில் கத்தினாள். "அய்யே, வமட்ட! வமட்ட!"

"இடப்பக்கம் போகச் சொல்லுறாள்" என்றேன்.

"அப்ப உவன் ஏன் நேரை போறான்?" என்றார் மச்சாள். "சொல்லுக் கேக்காதவன்."

அவள் தொடர்ந்து கதைத்தாள். சிங்களத்தில், ஆங்கிலத்தில், தெஹிவளைப் பிள்ளையோடு தமிழில். யாரையோ ஏசினாள். யாரிடமோ பரவாயில்லை என்றாள். ஒரு தடவை சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு மச்சாள் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன்.

முதல் ஆட்டத்தில் வென்றார்கள். இரண்டாவதில் இரண்டு சுற்றால் தோற்றார்கள். ஒருமுறை தோற்றால் வெளியே என்பது விதி. இரண்டும் சேர்ந்து எண்பத்தொன்பது நிமிடம். அவ்வளவு நேரமும் அவள் கதைத்தாள். பிறகு ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"முடிஞ்சுதோ பிள்ளை?" என்றார் மச்சாள்.

"ஓம்."

மச்சாள் கேரியரை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மகள் ஒன்றும் கதைக்கவில்லை.